கப்பாவைக் கத்தியால் குத்தாதீர்கள்

ஜப்பானியப் புராணத்தை வைத்து எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சாகசக் கதை எழுதியிருப்பதாகச் சொல்லி, நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். மூன்றாவது அத்தியாயத்தில் ஆற்றிலிருந்து ஒரு கப்பா எழுந்து வருகிறது. நாயகி கத்தியை உருவி ஒரே குத்து, ஆள் காலி. அங்கேயே மூடி வைத்துவிட்டேன்.

கப்பா என்பது ஆற்றில் வாழும் குட்டி உருவம். முதுகில் ஆமை ஓடு, உச்சந்தலையில் கிண்ணம் போல ஒரு குழி. குழியில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குப் பலம். ஆளை நீருக்குள் இழுத்துவிடும் பொல்லாத ஜந்துதான், ஆனால் மரியாதை தெரிந்தது. நாம் குனிந்து வணங்கினால் அதுவும் பதிலுக்குக் குனிந்தே தீரும். குனிந்தால் தண்ணீர் கொட்டிவிடும், அத்துடன் பலமும் போய்விடும். யாராவது இரக்கப்பட்டு அந்தக் குழியை மறுபடி நிரப்பினால் நன்றி மறக்காது என்றும் கதைகள் சொல்கின்றன. சுமோ மல்யுத்தம் பிடிக்கும், வெள்ளரிக்காய் என்றால் உயிர். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டும் சுஷிக்குக் கப்பாமாக்கி என்றே பெயர்.

இப்போது அந்த ஆற்றங்கரைக் காட்சியைத் திரும்ப யோசியுங்கள். வீட்டில் யார் வந்தாலும் வணக்கம் சொல்லாமல் ஓடி, தினமும் திட்டு வாங்கும் ஒரு பத்து வயதுப் பெண். எதிரே கப்பா. தப்பிக்க அவள் செய்ய வேண்டியது அதே வணக்கம்தான். அப்புறம் தரையில் துவண்டு கிடப்பதன் தலையில் தண்ணீர் ஊற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா? மூன்று அத்தியாயத்துக்கான கதை இதிலேயே இருக்கிறது. பல ஜந்துக்களுக்கு இப்படி ஒரு விதி உண்டு. அதை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது மாறுவேடப் போட்டிதான்.

அடுத்தது மொழிபெயர்ப்பில் வரும் சறுக்கல். கப்பா போன்ற விசித்திர ஜந்துக்களுக்கு ஜப்பானில் யோகாய் என்று பொதுப் பெயர். அவை எல்லாவற்றையும் ‘பேய்’ என்று எழுதிவிடுகிறோம். செத்தவரின் ஆவிக்கு யூரேய் என்று தனிப் பெயர் இருக்கிறது. நூறு வருஷம் பழகிய குடைக்கும் செருப்புக்கும் உயிர் வந்துவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு, சுகுமோகாமி என்பார்கள். ஒற்றைக் காலில் குதித்து வரும் குடையைப் பேய் என்றால் சுவையே போச்சு. அதேபோல நரியை, நெல்லுக்கு உரிய தெய்வமான இனாரி என்றே எழுதுகிறார்கள். நரி இனாரியின் தூதர்தான். மயிலையே முருகன் என்பது போல இருக்கிறது இது.

நல்லவர், கெட்டவர் என்று கட்சி பிரிப்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. புயல் தெய்வமான சுசானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 712இல் தொகுக்கப்பட்ட புராண நூலான கோஜிகியில் அவன் அக்காள் அமதெராசுவின் வயல் வரப்புகளை உடைத்து அட்டகாசம் செய்கிறான். சூரிய தெய்வமான அவள் குகைக்குள் போய் அடைத்துக்கொள்ள, உலகமே இருண்டுபோகிறது. உசுமே என்ற பெண் தெய்வம் கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறி ஆட, தெய்வங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க, வெளியே என்னதான் கூத்து என்று அமதெராசு எட்டிப் பார்க்கிறாள். சண்டையே இல்லாமல் வெளிச்சம் திரும்புகிறது. விரட்டப்பட்ட அதே சுசானோ இசுமோ என்ற நாட்டுப்பகுதிக்குப் போய், எட்டுத் தலைப் பாம்பிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அதுவும் எட்டுத் தொட்டி மதுவை வைத்து, பாம்பை மயங்கித் தூங்கவைத்துத்தான். பிள்ளைகள் புத்தகம் என்று இதை ‘மந்திரச் சாறு’ ஆக்க வேண்டாம். அவர்கள் ரசிப்பது தந்திரத்தை. சண்டை நடக்கும்போது அந்தப் பெண் சீப்பாக மாறி அவன் கொண்டையில் செருகியிருக்கிறாள். அந்தச் சீப்பு சொல்வதாக யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

கோஜிகிக் கதைகளில் சாமுராயும் நிஞ்சாவும் கிடையாது. அவர்கள் பல நூற்றாண்டுகள் தள்ளி வந்தவர்கள். இன்றைய சிறுமி புராண உலகுக்குள் விழுவதாக எழுதினால் கலந்துகொள்ளலாம், தெரிந்து கலக்க வேண்டும். கிமோனோவில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு. ஓவியரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நம்மவர்கள் மட்டும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜப்பானியப் பெண் தெய்வமான பென்சைதென் நம் சரஸ்வதிதான் என்று தெரிந்ததும் வெள்ளைத் தாமரையில் உட்கார்த்தி, கையில் வீணையைக் கொடுத்துவிடுகிறார்கள். உறவு உண்மைதான், பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவள். ஆனால் அங்கே அவள் கையில் இருப்பது பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம். தீவுகளில் கோயில் கொண்டவள். எனோஷிமா தீவில், ஐந்து தலை டிராகன் அவள் மேல் காதல் கொண்டு திருந்தியதாகத் தனிக் கதையே இருக்கிறது. அதை எழுதலாமே.

நண்பர் மூன்றாவது அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். கத்தி போய்விட்டது, வணக்கம் வந்துவிட்டது. ஆனால் கப்பாவுக்குக் கேரட் கொடுத்திருக்கிறார்.