கை எட்டும் உயரத்தில் கிறிஸ்துமஸ்: அறுபது தாண்டியவர்களுக்கு வீட்டு அலங்காரச் செய்முறை

2019 டிசம்பரில் என் கணவர் வாசலில் ஸ்டார் கட்டுவதற்காக பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினார். அப்போது அவருக்கு 69 வயது. கல்யாணமான வருடத்திலிருந்து அவர்தான் கட்டுவார், அதனால் நானும் தடுக்கவில்லை. ஸ்டூல் ஒரு பக்கமாக வழுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருடம் எங்கள் வாசலில் ஸ்டார் இல்லை. கேரல் பாட வந்த பிள்ளைகள் வீடு இருட்டாக இருப்பதைப் பார்த்துத் தாண்டிப் போய்விட்டார்கள். பாட்டுச் சத்தம் தெருவில் தள்ளித் தள்ளிப் போவதை நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வயசாயிட்டு, பிள்ளைகளும் வெளியூர்ல, இனி எதுக்கு இதெல்லாம்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த வருடமே மறுபடி ஆரம்பித்தோம், செய்யும் விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் வருடாவருடம் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் துணையில்லாமல் முதல்முறை வீட்டை அலங்கரிக்கப் போகிறவர்களுக்கு இது உதவும்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விதி. முழங்காலுக்குக் கீழே, நெற்றிக்கு மேலே நம் கைக்கு வேலை கிடையாது. ஸ்டூல், நாற்காலி, ஏணி எதிலும் ஏறக் கூடாது, தரையில் குந்தி உட்காரவும் கூடாது. இந்த இரண்டு உயரத்துக்கு நடுவில் செய்ய முடியாத வேலை எதுவாக இருந்தாலும் அதை இளையவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது அந்தப் பொருளையே கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

எப்போது தொடங்குவது

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் செய்கிற திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வரும். அன்றைக்கே தொடங்கினால் மூன்று வாரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். காலை ஒன்பது மணிக்கு மேல், நல்ல வெளிச்சத்தில், சாப்பிட்டு மாத்திரை போட்ட பிறகு செய்யுங்கள். 23, 24 தேதிகளுக்கு எந்த வேலையையும் தள்ளாதீர்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிற உடம்பு அன்று பகலில் ஓய்வெடுக்க வேண்டும்.

படி 1: பரணிலிருந்து இறக்குதல்

எல்லார் வீட்டிலும் கிறிஸ்துமஸ் சாமான் பரணில்தான் கிடக்கும். அதை இறக்க ஒரே ஒரு முறை ஆள் வேண்டும். எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். "ஆச்சி, திரும்ப மேலே வைக்க எப்ப வரட்டும்?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவை கட்டிலுக்கடியில், சக்கரம் வைத்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கின்றன. பெட்டிக்குக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன், குனியாமல் இழுத்து எடுக்கலாம்.

சாமான் இறங்கியதும் தரம் பிரியுங்கள். ஒயர் வெடித்த சீரியல் லைட், நிறம் போன ஜிகினாத் தோரணம் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடிலில் வைக்கிற சுரூபங்களை, அதாவது சிலைகளை, மட்டும் கழிக்காதீர்கள். எங்கள் குடில் செட்டில் கழுதைக்கு இடது காது கிடையாது. என் மூத்த மகன் மூன்று வயதில் கீழே போட்டு உடைத்தது. உடைந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும், தடவினால் விரலில் லேசாக ஒட்டும். புது செட் வாங்கித் தருகிறேன் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். இதை எடுத்துத் துடைக்கும்போது அவனுடைய அந்த வயது முகம் எனக்குத் திரும்ப வருகிறது, அது புது செட்டில் வராது. ஒட்டக்கூடிய உடைசலாக இருந்தால் சாக்பீஸ் பொடியில் ஃபெவிகால் குழைத்து ஒட்டி, காய்ந்ததும் போஸ்டர் கலர் பூசினால் போதும்.

படி 2: நடக்கிற வழி

அலங்காரம் தொடங்குவதற்கு முன் வாசலிலிருந்து ஹால், ஹாலிலிருந்து பாத்ரூம், படுக்கையறை வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். இந்த வழியில் ஒயர், விரிப்பு, பூந்தொட்டி எதுவும் வரக் கூடாது. புது மிதியடி வாங்குவதானால் அடியில் ரப்பர் ஒட்டியதாகப் பாருங்கள். ஊன்றுகோலோ வாக்கரோ வைத்திருப்பவர்கள் அதோடு நடந்து பார்க்க வேண்டும்.

படி 3: ஸ்டார்

இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழுகிற இடம் இதுதான்.

பால்கனியில் துணி காயப்போட, கயிற்றை இழுத்தால் கம்பி மேலே போகிற மாதிரி மாட்டியிருப்பார்களே, அதே முறைதான். வாசல் போர்டிகோவின் கூரையில் ஒரு கொக்கி, அதில் சின்ன இரும்புக் கப்பி ஒன்று. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மாட்டுவதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை மாட்டிவிட்டால் பிறகு வருடாவருடம் அந்த வேலை இல்லை. கூரை பத்தடி உயரம் என்றால் 25 அடி நைலான் கயிறு வாங்குங்கள். கயிற்றைக் கப்பியில் கோத்து இரண்டு முனையும் கீழே தொங்கும்படி விட்டுவிடுங்கள். தூணிலோ சுவரிலோ இடுப்பு உயரத்தில், கயிறு கட்டுவதற்கு ஒரு கொக்கி அடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்டாரை மேசைமேல் வைத்து, உட்கார்ந்தபடி விரியுங்கள். உள்ளே எல்இடி பல்பு மட்டும் போடுங்கள், 3 வாட் அல்லது 5 வாட் போதும். முன்பெல்லாம் 40 வாட் குண்டு பல்பு போட்டோம். அந்தச் சூட்டில் காகிதம் பழுத்து மொறுமொறுவென்று ஆகிவிடும். கயிற்றின் ஒரு முனையை ஸ்டாரின் மேல் வளையத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். பாரத்தைக் கயிறுதான் தாங்க வேண்டும், ஒயர் தாங்கக் கூடாது. ஒயரைக் கொஞ்சம் தொய்வாக, தனியாகத் தொங்க விடுங்கள். மேலே ஏற்றுவதற்கு முன்பே ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது இன்னொரு முனையை மெதுவாக இழுங்கள். ஸ்டார் கனமே இருக்காது. வேண்டிய உயரம் வந்ததும் கொக்கியில் எட்டுப் போல மாற்றி மாற்றி நாலு சுற்று சுற்றிக் கட்டுங்கள். பல்பு போனாலும், மழை வந்தாலும் தரையில் நின்றபடியே இறக்கிவிடலாம். 2020இல் முதல்முறை இப்படி ஏற்றியபோது கயிற்றை இழுத்தது அவர்தான். ஸ்டார் சுழன்று சுழன்று மேலே போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நம் பக்கம் டிசம்பர் மழைக்காலம். அதனால் காகித ஸ்டாரை கூரைக்கு உள்ளேயே கட்டுங்கள். வெட்டவெளியில் கட்டுவதானால் பிளாஸ்டிக் ஸ்டார்.

படி 4: குடில்

தரையில் குடில் கட்டுவதை நிறுத்திவிட்டோம். மூன்றடிக்கு இரண்டடி மேசை ஒன்றைச் சுவரோரமாகப் போட்டு, முன்னால் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து கட்டுகிறோம். முதுகும் முழங்காலும் தப்பித்தன. அதைவிடப் பெரிய விஷயம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெரிந்தது. எங்களுக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய நாட்கள் அவை. எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு சாண் தண்ணீர் வந்தது. பாதி கட்டிய குடில் மேசைமேல் நனையாமல் இருந்தது. கரண்டு இல்லாத அந்த இரவுகளில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொன்னோம்.

செய்முறை எளிதுதான். மேசைமேல் பழைய சேலையை நாலாக மடித்து விரியுங்கள். பின்பக்கம் உயரமாக வர இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்து, செய்தித்தாளைக் கசக்கிச் சந்துகளில் திணியுங்கள். மேலே பாறை வண்ணம் அச்சடித்த தாளைக் கசக்கி விரித்தால் மலை ஆகிவிடும். நடுவில் கொட்டகை. கொட்டகைக்குள் மாதா, சூசையப்பர், மாடு, கழுதை. இடையர்களும் ஆடுகளும் வெளியே. சம்மனசை, அதாவது தேவதூதரை, கொட்டகைக் கூரையில் நூலால் கட்டுங்கள். தீவனத்தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்கட்டும். திருப்பலி முடிந்து வந்து பாலன் இயேசுவை வைக்க வேண்டும். நள்ளிரவில் கோவிலுக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு ஜெபம் சொல்லி வைக்கலாம். மூன்று ராஜாக்களை முதலில் தூரத்தில், அலமாரிமேல் வைத்துவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். நகர்த்துகிற வேலை இப்போது அவருடையது.

குடில் சின்னதாகிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரெச்சோவில் அமைத்த குடிலில் சுரூபங்களே கிடையாது. வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான்.

குடிலுக்குப் புல் வளர்ப்பதை மட்டும் விடவே விடாதீர்கள். குனியாமல் செய்யக்கூடிய வேலை, தினமும் போய்ப் பார்க்க ஓர் உயிரும் இருக்கும். டிசம்பர் 13 இரவு இரண்டு கைப்பிடி கேழ்வரகைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள், அடியில் ஓட்டையுள்ள தட்டில் ஒரு அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவோ மண்ணோ பரப்பி, தானியத்தை நெருக்கமாகத் தூவுங்கள். ஒன்றின்மேல் ஒன்று குவியக் கூடாது. ஈரத்துணியால் இரண்டு நாள் மூடி வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டு ஜன்னலோரம் மாற்றுங்கள். காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. மழைநாளில் ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடித்துவிடும். முதலில் வெள்ளை நூல் மாதிரி இருக்கும், வெயில் பட்ட இரண்டாம் நாள் பச்சை ஏறும். 24ஆம் தேதி இரண்டு விரல் உயரத்துக்கு நின்றிருக்கும். தட்டோடு தூக்கி ஆடுகளுக்கு முன்னால் வைத்துவிடுங்கள்.

குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடாது. வைக்கோலும் காகிதமும் சேர்ந்த இடம். பேட்டரி மெழுகுவர்த்தி வையுங்கள்.

படி 5: மரம்

முன்பு சவுக்குக் கிளை வெட்டி வந்து, மணல் நிரப்பிய வாளியில் நட்டோம். வாளியைத் தூக்க இப்போது முடியாது. இரண்டடி பிளாஸ்டிக் மரம் ஒன்றை ஸ்திரமான மேசைமேல் வைத்தால் கை எட்டும். வாசனைக்காகச் சவுக்குக் கொப்பு ஒன்று கிடைத்தால் சொம்பில் தண்ணீர் ஊற்றிச் செருகுங்கள். மரத்தில் பஞ்சு ஒட்ட வேண்டாம், சீக்கிரம் தீப்பிடிக்கும்.

படி 6: சீரியல் லைட்

வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டுப் பாருங்கள். வீட்டில் ஜன்னல் கம்பியைச் சுற்றிக் கட்டினால் ஆணியும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். மினுக்கி மினுக்கி எரிந்தால் கண் கூசுகிறவர்கள் பலர். பட்டனை அழுத்தி நிலையாக எரிகிற முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். தரையோரம் இருக்கும் பிளக்கில் சொருகாதீர்கள். கை உயரத்தில் உள்ள பிளக்கிலிருந்து ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய், ஓரடிக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் தானாக விழுகிற சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், கப்பி மாட்ட வரும்போதே கேட்டுவிடலாம். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். படுக்கப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மறந்துபோகும் என்றால் ஒரு டைமர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: வருகிறவர்களுக்கு

கேரல் பிள்ளைகள் வருகிற அன்று வாசல் லைட்டும் ஸ்டாரும் எரிய வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். கல்கல், அச்சுமுறுக்கு எல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று செய்ய முடியவில்லை என்றால் தெரிந்தவர்களிடம் சொல்லி வாங்குங்கள். கேக்கை பேக்கரியில் 15ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். நான் கல்கல் மட்டும் செய்கிறேன். மாவை முள்கரண்டியில் சுருட்டுவதை மேசையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேருமே செய்வோம். அவருக்கு மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாது, ஆனால் இது வரும். பொரித்துத் தருவது எதிர்வீட்டு மருமகள். அதில் பாதி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

படி 8: கழற்றுதல்

மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. கோவிலில் அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடுகிறோம். அதன் மறுநாள் கழற்ற ஆரம்பித்து மூன்று நாளில் முடியுங்கள். சுரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சீரியல் லைட்டை ஒரு அட்டையில் சுற்றி வைத்தால் அடுத்த வருடம் சிக்கு எடுக்க வேண்டியதில்லை. கப்பிக் கயிற்றைக் கழற்றாதீர்கள், இரண்டு முனையையும் கொக்கியில் கட்டிவிடுங்கள்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, என்ன உடைந்தது, என்ன வாங்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் பெட்டியில் இந்த வருடம் எழுதியிருப்பது: "5 வாட் பல்பு 1. டேப் 1. இடையர் கைக்கோல் ஒட்டணும். கேழ்வரகு ஊறப்போட 13ஆம் தேதி, மறக்காதே."