டெண்டர் திறக்கும் நாளை மட்டும் காவல் காத்தால் போதுமா? அரசு கொள்முதல் சீர்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜியா நாட்டின் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் கீழேதான். நம்ம சேலம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி 34.8 லட்சம் பேர். ராணுவம், நாடாளுமன்றம், தனி நாணயம் எல்லாம் வைத்திருக்கும் முழு நாடு, ஆனால் ஆள் எண்ணிக்கையில் ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, ஏற்காடு எல்லாம் சேர்ந்த நம் மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எஸ்டோனியா இன்னும் சின்னது, 13 லட்சம் சொச்சம். இப்படிப்பட்ட நாடுகள் அரசு வாங்கும் பொருளிலும் போடும் ரோட்டிலும் ஊழலைக் குறைக்க என்ன செய்தன, எங்கே சறுக்கின என்று படித்தால் நம்ம ஊர் டெண்டர் விவகாரத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஏனென்றால் சின்ன இடத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பத்துப் பேர்தான் சப்ளை செய்ய முடியும், அந்தப் பத்துப் பேரும் மாமன் மச்சான், பங்காளி, பழைய கூட்டாளி.

நான் சூரமங்கலம் பக்கம் இரும்பு ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், டெஸ்க், அலுவலகத்துக்கு பீரோ, ரேக் இதெல்லாம் டெண்டரில் கொடுப்பதுண்டு. எனக்குத் தெரிந்தவரை, சீர்திருத்தம் என்று யார் கிளம்பினாலும் டெண்டர் திறக்கிற அந்த ஒரு நாளைத்தான் காவல் காக்கிறார்கள். பணம் போவதோ அதற்கு முந்தி எஸ்டிமேட் போடும் மேஜையிலும், அதற்குப் பிறகு பில் பாஸ் ஆகும் மேஜையிலும். பெரிய தவறு இதுதான், கீழே சொல்லப்போகிற மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

கம்ப்யூட்டர் வந்தால் ஊழல் போய்விடும் என்று நம்புவது

மலாவி என்ற ஆப்பிரிக்க நாட்டில் 2013-ல் ‘கேஷ்கேட்’ என்று பெரிய ஊழல் வெடித்தது. அங்கே அரசின் வரவு செலவு ஏற்கெனவே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதே கம்ப்யூட்டர் வழியாகத்தான் வந்தே சேராத சரக்குக்குப் பணம் அனுப்பினார்கள், அனுப்பிய பதிவையும் அழித்தார்கள். ஆக, பெட்டியில் கவர் போடுவதற்குப் பதிலாக இணையத்தில் ஃபைல் ஏற்றுவது மட்டும் எதையும் மாற்றிவிடாது. அந்த ஃபைலை யார் யாரெல்லாம் பார்க்கலாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஜார்ஜியா 2010-ல் காகித டெண்டரை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே இணையதளத்துக்குக் கொண்டுவந்தபோது முக்கியமான ஒன்றைச் செய்தது. ஜெயித்தவர் கொடுத்த காகிதங்களோடு தோற்றவர்கள் கொடுத்தவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்தது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். டெண்டர் செட்டிங் நடக்கும்போது ஜெயிக்கப்போகிறவரே தனக்குத் துணையாக இரண்டு டம்மி கொட்டேஷன் ஏற்பாடு செய்வார். மூன்று கம்பெனிப் பெயர், மூன்று லெட்டர்பேட், ஆனால் மூன்றையும் டைப் அடித்தது ஒரே ஆள். ‘கால்வனைஸ்டு’ என்ற சொல்லில் மூன்றிலும் அதே எழுத்துப்பிழை இருக்கும். இ.எம்.டி-க்கு, அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கு, எடுத்த டி.டி ஒரே வங்கிக் கிளையில், ஒரே தேதியில், அடுத்தடுத்த எண்ணில் இருக்கும். விலையும் முதல் ஆள் விலையில் ஐந்து சதம், பத்து சதம் கூட்டிப் போட்டதாக இருக்கும். தோற்றவரின் காகிதம் கண்ணில் பட்டால்தானே இதைக் கண்டுபிடிக்க முடியும்? யார் ஜெயித்தார் என்ற ஒற்றை வரியை மட்டும் போட்டுவிட்டு வெளிப்படைத்தன்மை என்று சொல்வதை ஒத்துக்கொள்ளவே கூடாது. அதையும் சாய்வாக ஸ்கேன் செய்த, தேடவே முடியாத பி.டி.எஃப்-ஆகப் போட்டால் இன்னும் மோசம்.

ஸ்லோவாக்கியா இதைவிட ஒரு படி மேலே போனது. 2011 ஜனவரி முதல், அரசு போடும் ஒப்பந்தம் இணையத்தில் வெளிவந்த மறுநாள்தான் செல்லுபடியாகும், மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் அப்படியொரு ஒப்பந்தமே போடவில்லை என்று அர்த்தம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. வெளியிடாத அதிகாரிக்கு அபராதம் என்றால் அதை யாரும் வசூலிக்கப் போவதில்லை. வெளியிடாவிட்டால் காண்டிராக்டருக்கே பணம் வராது என்றால் அவரே ஆபீஸ் வாசலில் நின்று வெளியிட வைப்பார்.

ஸ்பெசிஃபிகேஷனை யாரும் பார்க்காமல் விடுவது

என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். பள்ளி டெஸ்க்குக்கு என்ன வேண்டும்? 16 கேஜ் சதுரக் குழாய், நல்ல வெல்டிங், பவுடர் கோட்டிங், பலகை உரியாமல் இருக்க வேண்டும், பிள்ளைகளின் கையைக் கிழிக்காமல் ஓரம் மழுங்கியிருக்க வேண்டும். இதைச் சேலத்தில் எத்தனையோ பட்டறைகளால் செய்ய முடியும். ஆனால் ஒரு டெண்டரில் உட்காரும் பலகையின் உயரம் 463 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. 450 கேட்கலாம், 460 கேட்கலாம், 463 எங்கிருந்து வந்தது? ஒரு கம்பெனி கேட்டலாக்கிலிருந்து அப்படியே எடுத்து எழுதினால்தான் அந்த எண் வரும். கூடவே, கடந்த மூன்று வருடத்தில் இதே பொருளை இத்தனை கோடிக்கு அரசுத் துறைக்கே சப்ளை செய்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஏற்கெனவே கொடுத்தவர்தான் மறுபடி கொடுக்கலாம் என்று இதற்குப் பொருள். அதற்குப் பிறகு டெண்டரை எவ்வளவு நேர்மையாகத் திறந்தாலும், வீடியோ எடுத்து நேரலையில் போட்டாலும், முடிவு ஏற்கெனவே முடிந்துபோனது.

இருபது பள்ளிக்கு வேண்டியதை ஒரே டெண்டராகக் கட்டிப் போட்டுச் சின்ன ஆட்களை வெளியே தள்ளுவதும் நடக்கும். ஒரே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, டெண்டரே தேவையில்லாத தொகைக்குள் கொண்டுவருவதும் நடக்கும். இரண்டையும் பிடிக்க ஒரே வழி, வரைவு நிபந்தனைகளை முன்கூட்டியே வெளியிட்டு, இந்தத் தொழில் தெரிந்தவர்கள் எதிர்ப்புச் சொல்ல அவகாசம் கொடுப்பது.

தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்தது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து அனுமதிக்க வேண்டும். நல்ல விதி. அந்தக் காரணம் எழுதிய தாளையும் டெண்டரோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்பதுதான் நான் சேர்க்கச் சொல்வது.

குறைந்த விலை வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருப்பது

எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது தவறு கிடையாது. ஆனால் எஸ்டிமேட்டைவிட இருபத்தைந்து, முப்பது சதம் குறைத்து ஒருவர் வேலையை எடுத்தால், அந்தப் பணத்தை அவர் எங்கே மீட்கப் போகிறார் என்று அன்றைக்கே கேட்க வேண்டும். வேலையின் தரத்தில் மீட்பார், இல்லாவிட்டால் பாதி வழியில் ‘கூடுதல் பணி’ என்று எழுதி மீட்பார்.

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு தடுப்புச்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வர வேண்டும். அதனால் மலைக்கு ஏற்றுக்கூலி, ஆள்கூலி எல்லாம் சமவெளியைவிடக் கூடுதலாகத்தான் போட முடியும், அது நியாயம். ஆனால் சுவருக்கு அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டினார்கள், பாறை வந்ததா மண் வந்ததா, தண்ணீர் வடியக் குழாய் வைத்தார்களா என்பதெல்லாம் மண் மூடிய பிறகு வெளியே தெரியாது. அது இருக்கிற ஒரே இடம் அளவுப் புத்தகம், நாங்கள் எம்.புக் என்போம். ஓவர்சியர் அளந்து எழுதி, உதவிப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதுதான் பணம். அந்த எம்.புக்கில் ஆறடி என்று எழுதியது நிஜத்தில் நாலடியாக இருந்தால், அடுத்த வடகிழக்குப் பருவமழையில் ரோடே கேள்விக்குறி. அதனால் மூடப்போகும் வேலைக்கு மூடுவதற்கு முன்னால் அளவுகோல் வைத்த படம், தேதியோடு, இடத்தின் ஆயத்தொலைவோடு எடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும். செல்போன் போதும், செலவே கிடையாது.

ஒப்பந்தம் போட்ட பிறகு தொகை எவ்வளவு ஏறியது, ஏன் ஏறியது என்பதையும் அதே பக்கத்தில் போட வேண்டும். ஆரம்பத் தொகையை மட்டும் காட்டும் இணையதளம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

அவசரம் என்றதும் கதவைத் திறந்துவிடுவது

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் 15 நாள் டெண்டர் வைத்துக் காத்திருக்கச் சொல்ல முடியாது, ஜே.சி.பி-யை உடனே கூப்பிடத்தான் வேண்டும். நம் சட்டமும் இயற்கைப் பேரிடருக்கு விலக்குத் தருகிறது. தவறு எங்கே நடக்கிறதென்றால், டெண்டருக்கு விலக்கு தரும்போது கூடவே விலையை வெளியிடுவதற்கும் விலக்கு கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு.

உக்ரைன் சின்ன நாடு இல்லை, ஆனால் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. புரோசோரோ என்ற கொள்முதல் தளத்துக்காக உலகமே பாராட்டிய நாடு. போர் வந்ததும் ராணுவக் கொள்முதல் ரகசியமானது, அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் 2023 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டுவந்தது என்ன? கடையில் 7 ஹ்ரிவ்னியாவுக்கு (அந்நாட்டு நாணயம்) கிடைத்த முட்டைக்கு ராணுவ ஒப்பந்தத்தில் 17 என்று போட்டிருந்தார்கள். துணை அமைச்சர் பதவி விலகினார், ஆயுதம் அல்லாத பொருட்களின் விலையை வெளியிட வேண்டும் என்று பிறகு சட்டம் மாறியது. துப்பாக்கி எத்தனை என்பது ரகசியமாக இருக்கலாம், முட்டை விலையில் என்ன ரகசியம்?

ஜார்ஜியாவே இந்த இடத்தில்தான் சறுக்கியது. இணையதளம் அவ்வளவு சுத்தம், ஆனால் பல வருடங்கள் கணிசமான தொகை டெண்டரே இல்லாமல் நேரடி ஒப்பந்தமாகப் போனது. அதிகாரிகளோடும் ஆளுங்கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர்களோடும் தொடர்புள்ள கம்பெனிகளுக்கு அப்படி வேலை கிடைத்ததை டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பின் ஜார்ஜியக் கிளை திரும்பத் திரும்ப எழுதியது.

புகாரை, யார் மேல் புகாரோ அவரிடமே அனுப்புவது

நம் சட்டத்தில் டெண்டர் முடிவால் பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். டெண்டர் விட்டதும் அரசு, தீர்ப்புச் சொல்வதும் அரசு. ஜார்ஜியா 2010-ல் அமைத்த தகராறு வாரியத்தில் அப்போது பாதிப்பேர் கொள்முதல் முகமையிலிருந்தும் பாதிப்பேர் தன்னார்வ அமைப்புகளிலிருந்தும் இருந்தார்கள். புகார் வந்தால் டெண்டர் அப்படியே நின்றது, 10 வேலை நாளில் முடிவு வந்தது. வேலை முடிந்து பணமும் போன பிறகு வரும் தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்? நிறுத்திவைக்கும் அதிகாரம்தான் இதில் உயிர்நாடி.

பில்லை மறந்துவிடுவது

சீர்திருத்த அறிக்கைகளில் இது கடைசிப் பக்கத்தில்கூட வருவதில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். “எம்.புக் எல்லாம் ஏறிடுச்சுங்கண்ணா, பில்லுதான் நிக்குது” என்று சொல்லாத சின்ன காண்டிராக்டரை நான் பார்த்ததில்லை. பொருள் கொடுத்து மாசக்கணக்கில் பணம் வராவிட்டால், குழாய் வாங்கிய கடைக்குக் கடன், வெல்டருக்குச் சனிக்கிழமைக் கூலி, வட்டி எல்லாம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் ஃபைல் நகர ஒருவர் இரண்டு சதம் கேட்டால் கொடுக்கத்தான் தோன்றும். அடுத்த டெண்டரில் அந்த இரண்டு சதத்தை விலையில் ஏற்றித்தான் போட முடியும். கொடுக்க மனமில்லாதவர் அரசு வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார். அப்புறம் டெண்டருக்கு மூன்று பேர்தான் வருகிறார்கள், மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்வது சுலபமாகிவிடுகிறது. ஆக, தாமதமான பில் லஞ்சத்தையும் வளர்க்கிறது, செட்டிங்கையும் வளர்க்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே வட்டி தானாகச் சேர வேண்டும், எந்த பில் எந்த மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், வந்த வரிசையில்தான் பாஸ் ஆக வேண்டும். இந்த மூன்றையும் செய்தால், கம்ப்யூட்டர் டெண்டரால் குறைந்ததைவிட அதிகமாக லஞ்சம் குறையும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சீர்திருத்தம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் வாங்குவது எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. உங்கள் தெருவில் சாக்கடை கட்டினால் எஸ்டிமேட், ஒப்பந்தம், எம்.புக் பக்கங்கள் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் வாங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஊராட்சியாக இருந்தால் கிராம சபைக்கு ஒரு மாதம் முன்னாலேயே மனுப் போட்டுவிடுங்கள், பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மே 1 கூட்டத்துக்கு வேண்டுமென்றால் மார்ச் கடைசியிலேயே அனுப்பிவிட வேண்டும்.