ஹார்ட் டிஸ்க் ஓடினால் மவுஸ் திணறுகிறதா?

வயர்லெஸ் மவுஸின் அம்புக்குறி திடீரென்று உறைந்து நிற்கும். அப்புறம் ஒரே தாவலில் திரையின் வேறு மூலைக்குப் போய்விடும். மவுஸின் சிக்னலை வாங்கக் கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் அதே ரிசீவரில் இணைந்த கீபோர்டிலும் சில எழுத்துகள் விழவில்லை.

பேட்டரி மாற்றினேன், டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன். பலனில்லை. இரவல் வாங்கிய இன்னொரு வயர்லெஸ் மவுஸும் அதே போலத் திணறியது. சரி, கோளாறு மவுஸில் இல்லை.

ஒரு நண்பர் கேட்டார்: "திணறும் நேரத்தில் வேறென்ன ஓடுகிறது?" அந்தக் கேள்விதான் வழி காட்டியது. வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் கோப்புகள் நகலாகும்போது மட்டும்தான் தொல்லை. நகல் முடிந்ததும் மவுஸ் சரியாக ஓடியது.

அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவைக் கடத்தும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மின்காந்த இரைச்சல் கசியும். இதை விளக்கி இன்டெல் 2012இல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். என் ரிசீவரோ ஹார்ட் டிஸ்க் கேபிளை ஒட்டிய போர்ட்டில் இருந்தது. ரிசீவர் மிகச் சிறியது என்பதால் இந்த நெருக்கம் கண்ணில் படாது.

பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றியும் தீரவில்லை, இடைவெளி போதவில்லை. ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரைச் செருகி, மவுஸுக்கு அருகே மேசைமேல் வைத்தேன். உடனே தீர்ந்தது. இப்போது பெரிய கோப்புகள் நகலாகும்போதும் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நிம்மதி!

ப்ளூடூத் ஹெட்போன் விட்டுவிட்டுக் கேட்டாலும் இதே கோணத்தில் பாருங்கள்; அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.