புகார் குழுவில் இருப்பவர்கள் கூடிப் பேச

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், வேலையிடத்துப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவில் நான் வெளி உறுப்பினர், அதாவது கம்பெனியைச் சேராதவர். முதல் விசாரணை முடிந்த இரவு தூக்கமே வரவில்லை. அதனால்தான் என்னைப் போன்ற ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். நீங்களும் தொடங்கலாம். ஐந்தாறு பேர் போதும். ஒரே கம்பெனியிலிருந்து இருவர் வேண்டாம்.

முக்கியம் ரகசியம். புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யாருடைய அடையாளமும் வெளியே போகக் கூடாது என்கிறது பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. "செக்கிங் பிரிவு, இரவு ஷிப்ட்" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே வழக்கைக் கொண்டுவராதீர்கள், கேள்வியைக் கொண்டுவாருங்கள். சூப்பர்வைசருக்குப் பயந்து சாட்சி பேச மறுத்தால்? 3 மாதக் கெடு தாண்டிப் புகார் வந்தால்? (காரணத்தை எழுத்தில் பதிந்து, குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். இது தெரியாமல் எத்தனை பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டார்களோ!)

ஒருவர் பேசும்போது அறிவுரை வேண்டாம். முதலில் கேள்வி கேளுங்கள், அப்புறம் உங்கள் அனுபவம். வாட்ஸ்அப்பில் தேதி, இடம் மட்டும்.

கடைசிப் பத்து நிமிடம் டீயோடு மனதில் தங்கியதைச் சொல்ல. யாராவது அழுதால் அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.