மெதுவாக நகரும் புருஷன் பெண்டாட்டி தொடரை வீட்டில் சண்டை வராமல் பார்ப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' தொடரை நான் முதல் தடவை இருபது நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பத்திரிகைக்காரி கேள்வி கேட்கிறாள், பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. நிறுத்திவிட்டு துணி மடிக்கப் போய்விட்டேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது அதே இருபது நிமிடத்தில் என் வயிற்றைப் பிசைந்தது. தொடர் மாறவில்லை, நான் பார்த்த விதம்தான் மாறியிருந்தது. இதைப் பார்த்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "இதைவிட நல்ல தொடர் வந்ததே இல்லை" என்பார்கள், மீதிப் பேர் "ரெண்டு பேர் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பேசுறாங்க, இதுல என்ன இருக்கு" என்பார்கள். ரெண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டாவது கட்சியில் இருப்பவர்களில் நிறையப் பேர் தப்பான பதிப்பை, தப்பான நேரத்தில், தப்பான ஆளோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் என்பது என் கணிப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் முதல் குழப்பம். ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் இதைத் தொலைக்காட்சிக்காக ஆறு பகுதிகளாக எடுத்தார். 1973 ஏப்ரல் 11 முதல் மே 16 வரை வாரம் ஒன்றாக ஒளிபரப்பானது, எல்லாமே புதன்கிழமை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். அப்புறம் வெளிநாட்டுத் தியேட்டர்களுக்காக அவரே அதை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படமாக வெட்டிக் கொடுத்தார். தேடும்போது பெரும்பாலும் இந்தப் படம்தான் முதலில் கைக்கு வரும். "ஒரே உட்காரலில் முடிந்துவிடுமே" என்று அதில் கை வைக்காதீர்கள். விசித்திரம் என்னவென்றால், குறுகிய பதிப்புதான் நீளமாகத் தெரியும். தொடரில் ஒரு பகுதி முடிந்து மூச்சு வாங்க ஒரு வாரம் கிடைக்கிறது, படத்தில் அந்த இடைவெளி இல்லாமல் ஒரு காயத்தின் மேலேயே அடுத்த காயம் விழுகிறது. ஆறு பகுதிகள் கொண்டதையே தேடிப் பிடியுங்கள். ஸ்வீடிஷ் ஒலியோடு, சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங் வேண்டவே வேண்டாம், இந்தத் தொடரில் பாதிக் கதை குரலில் இருக்கிறது.

2021-ல் வந்த அமெரிக்கப் பதிப்பும் இருக்கிறது, ஹெச்பிஓவுக்காக ஹகாய் லெவி எடுத்தது, ஜெசிக்கா சாஸ்டெயினும் ஆஸ்கர் ஐசக்கும் நடித்தது, ஐந்து பகுதிகள். அதில் வீட்டை விட்டுப் போவது மனைவி, பழசில் புருஷன். அதையும் பார்க்கலாம், ஆனால் பழசைப் பார்த்த பிறகு. முதலில் புதுசைப் பார்த்தவர்களுக்குப் பழசு நாடகம் மாதிரி இருக்கிறது என்ற குறை வருகிறது, பழசை முதலில் பார்த்தவர்களுக்கோ புதுசில் எந்த இடத்தை ஏன் மாற்றினார்கள் என்று கவனிப்பதே ஒரு சுவாரசியமாகிவிடுகிறது.

அடுத்தது வேகம். ஒரே நாளில் ஆறையும் பார்த்துத் தீர்க்கும் வேலை இங்கே செல்லாது. அன்றைய ஸ்வீடனில் இருந்ததே இரண்டு சேனல்தான், விளம்பரமும் கிடையாது, புதன்கிழமை ராத்திரி ஒரு பகுதி பார்த்துவிட்டு அடுத்த புதன் வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆரம்பத்தில் கல்யாணமாகிப் பத்து வருஷம், கடைசிப் பகுதியில் இருபது. பகுதிக்குள் நேரம் ஆமை மாதிரி நகரும், இரண்டு பகுதிகளுக்கு நடுவில் மாதங்களும் வருஷங்களும் ஓடிவிடும். நம் மெகா சீரியலும் மெதுவுதான், ஆனால் அங்கே ஒரு அறை விழுந்தால் மூன்று தடவை காட்டி, வீட்டில் இருக்கும் ஒன்பது பேரின் முகத்துக்கும் கேமரா போய் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும். அது நிற்கும் மெதுவு. இங்கே ஒரு ஆள் பசியோடு வந்து சாப்பிட்டால் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆகிறது. இது நிஜ நேரம். பின்னணி இசையும் கிட்டத்தட்ட இல்லை, எங்கே பதற வேண்டும் என்று யாரும் மேளம் கொட்டிச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பழக்கமில்லாதவர்களுக்கு "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றுகிறது.

சரி, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்போது எங்கே கண்ணை வைப்பது? முகத்தில். இது அந்தக் காலத்துச் சின்ன டிவிப் பெட்டிக்காக எடுத்தது, ஸ்வென் நிக்விஸ்ட்டின் கேமரா முகங்களை விட்டு நகர்வதே இல்லை. பேசுகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் இருப்பவரைப் பாருங்கள். நான் துணி மடிக்கப் போன அந்த முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் யோஹானிடம் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் அவன் புத்திசாலி, வெற்றி பெற்றவன், நல்ல நண்பன், நல்ல காதலன் என்று தன்னைப் பற்றியே ஒரு பட்டியல் வாசிக்கிறான், கொஞ்சம் கிண்டலாகத்தான், ஆனால் நிறுத்த மாட்டேன் என்கிறான். அதே கேள்வி அவன் பெண்டாட்டி மரியானிடம் போகும்போது அவள் தடுமாறுகிறாள். யோஹானைக் கட்டியிருக்கிறேன், இரண்டு பெண் குழந்தைகள், அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அவள் விவாகரத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல். மரியானாக நடிக்கும் லிவ் உல்மன் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அதைத் தவறவிட்டால் ஆறு பகுதிகளில் அவள் எங்கிருந்து எங்கே போகிறாள் என்பது பிடிபடாது.

இரண்டாம் பகுதியில் ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டுக்கு இந்த வாரம் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று மரியான் முடிவு செய்கிறாள், துணிச்சலாகப் போனை எடுக்கிறாள், எதிர்முனையில் அம்மா பேசுவது நமக்குக் கேட்காது, ஆனால் மரியானின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பெண்ணின் குரலாகி, கடைசியில் சரிம்மா வருகிறோம் என்று முடிகிறது. இதைப் புரிந்துகொள்ள ஸ்வீடன் போக வேண்டியதில்லை. இதே பகுதியில்தான் விவாகரத்து கேட்டு வரும் ஒரு வயதான அம்மாள் மரியானின் ஆபீசில் உட்கார்ந்து, வீட்டில் குறை ஒன்றுமில்லை, அன்பு இல்லை என்று மட்டும் சொல்கிறார். மேஜையைத் தொடுகிறேன், தொடுகிற உணர்ச்சியே மெலிந்து உலர்ந்துபோய்விட்டது என்கிற மாதிரி பேசுவார். எனக்கு மொத்தத் தொடரிலும் அதிகம் தூக்கம் கெடுத்த காட்சி அதுதான். யோஹானின் ஆராய்ச்சிக்கூடக் காட்சி அதே பகுதியில் கொஞ்சம் இழுவை, அதை நான் மறைக்கப் போவதில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். சப்டைட்டில் படிக்கவும் முகம் பார்க்கவுமே ஒரு ஜோடிக் கண் போதவில்லை.

யாரோடு பார்ப்பது என்பதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள். முதல் பகுதியின் விருந்தில் இன்னொரு ஜோடி ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள், இரண்டாவதில் படுக்கையறைப் பேச்சு நீளமாக வருகிறது, ஐந்தாவதில் அவன் அவளை அடிக்கிறான், அது சினிமா அடி இல்லை, பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அத்தை மூன்று பேரும். அத்தைக்கு ஸ்வீடிஷும் தெரியாது, ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்கவும் முடியாது, சும்மா துணைக்கு உட்கார்ந்தவர். மூன்றாம் பகுதியில் யோஹான் ராத்திரி வந்து, வேறொருத்தியைப் பிடித்திருக்கிறது, நாளைக்கே அவளோடு பாரிஸ் போகிறேன் என்கிறான். மறுநாள் காலையில் மரியான் அவனுக்குப் பெட்டி அடுக்க உதவி செய்கிறாள். நான் சப்டைட்டிலில் மூழ்கியிருந்தேன், அத்தைதான் திடீரென்று, "ஏம்மா, போறவனுக்கு இவளே ஏன் எடுத்து வச்சுக் கொடுக்கிறா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "வேற என்ன தெரியும் அவளுக்கு" என்றார். ஒரு வார்த்தை புரியாமல் பார்த்தவர் சொன்னது. அவன் போன பிறகு அவள் நண்பர்களுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும், தனக்குத்தான் தெரியவில்லை என்று அறிகிற இடத்தில் அத்தையிடம் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மூன்றாவதோடுதான் நிறையப் பேர் கோபத்தில் தொடரையே மூடிவிடுகிறார்கள். "இப்படி ஒருத்தனை எதுக்கு நான் பார்க்கணும்" என்று என் தோழி ஒருத்தி நிறுத்தினாள். கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு வாரம் பொறுங்கள். நான்காவதிலிருந்து தராசு சாய்கிறது, அவள் நிமிர்கிறாள், அவன் சுருங்குகிறான். அதுவரை யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லாமல் இருக்க முடிந்தால் இருங்கள், முடியாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கும்போது "ஆம்பளைங்களே இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏழாவது பகுதி ஓடும்.

நான்காவதில் ஒரு காட்சி. விட்டுப் போனவன் சாப்பிட வந்திருக்கிறான். மரியான் தன்னைப் பற்றித் தானே நோட்டில் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள், தான் யார் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்து எழுதியது, திரையில் அவளுடைய பழைய போட்டோக்கள் வருகின்றன. படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் அவன் தூங்கிப்போயிருக்கிறான். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரும் தூங்கியிருந்தார், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, மூக்குக் கண்ணாடி பாதி இறங்கி. "ஏங்க" என்றேன். "கேட்டுட்டுதாம்மா இருக்கேன்" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் அந்தப் பகுதியை நிறுத்திப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. இதில் சொல்ல வருவது, தூங்குகிறவரை எழுப்பி, "எவ்வளவு முக்கியமான தொடர் தெரியுமா" என்று பாடம் எடுக்காதீர்கள். பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காமல் இருக்க உரிமை உண்டு. மறுநாள் காபி குடிக்கும்போது அவரே, "அப்புறம் அந்த நோட்டுல என்னதான் எழுதியிருந்தா?" என்று கேட்டார்.

"போர்" என்று சொல்பவரிடம் எந்த இடத்தில் போரடித்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சொல்வார்கள், அதுவும் அவர்கள் வீட்டில் பேசாமல் வைத்திருக்கிற விஷயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எல்லாருக்கும் அப்படி என்று சொல்லவில்லை, ஐந்தாம் பகுதியில் அந்த ஆபீஸ் அறைச் சண்டை எனக்கே சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி இருந்தது. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவர்கள் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றியது. ஆனால் அவர்களால் போட முடியவில்லை என்பதுதான் அங்கே காட்சியே.

இன்னொன்று, இதைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதுமே யாராவது ஒருவர், "இந்தத் தொடரால ஸ்வீடன்ல டைவர்ஸ் டபுள் ஆச்சாம்" என்று பயமுறுத்துவார். எண்ணிக்கை கூடியது உண்மை. 1973-ல் சுமார் 16 ஆயிரமாக இருந்த விவாகரத்து 1974-ல் ஏறக்குறைய 27 ஆயிரம் ஆனது. ஆனால் 1974 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே புதுச் சட்டம் வந்தது, யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் போனது, ஒருவர் மட்டும் கேட்டாலோ சின்னக் குழந்தைகள் இருந்தாலோ ஆறு மாத யோசனைக் காலம், மற்றபடி நேராகப் பிரிந்துவிடலாம் என்றானது. ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்கள் அந்த வருஷம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். அதற்கு டிவிப் பெட்டியைக் குற்றம் சொல்வது, மழை பெய்ததற்குக் குடையைத் திட்டுகிற மாதிரி. தொடருக்கு அப்புறம் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள் என்பது வரை நம்பலாம், எங்கள் வீட்டிலேயே நடந்ததே. மாமனார் இருந்தபோது தான் ஒரு தடவை பெட்டி அடுக்கிய கதையை அத்தை சொன்னது நான்காவது வாரம்தான், அதற்கு முன் பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் பெயர்கள் எழுத்தில் ஓடாது, பெர்க்மனே தன் குரலில் படிக்கிறார், அவர் குடியிருந்த ஃபோரோ தீவைத் திரையில் காட்டிக்கொண்டே. அடுத்ததுக்குத் தாவும் பொத்தானை அந்த நேரத்தில் அழுத்தாதீர்கள். அதுவரை மூடிய அறைக்குள்ளேயே இருந்த கண்ணுக்கு முதல் தடவையாக வெளிக்காற்று படுகிறது. எங்கள் வீட்டில் அந்த ஒரு நிமிடத்தில்தான் அத்தை எழுந்து பால் காய்ச்சப் போவார், போகும்போதே "அடுத்த புதன்கிழமைதானே?" என்று கேட்டுக்கொண்டே.