வேலையை விட்டாலும் மருத்துவக் காப்புறுதி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வங்கி, லீசிங் கம்பனி, ஆடைத் தொழிற்சாலை, தொண்டு நிறுவனம், பாசிக்குடா ஹோட்டல் என்று எங்கே வேலை செய்தாலும் சரி, கம்பனி உங்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துத் தந்திருந்தால் அந்தப் பத்திரம் கம்பனியின் பெயரில்தான் இருக்கும். அதோடு இணைத்த பட்டியலில் உங்கள் பெயர் ஒரு வரி. வேலையை விட்டதும் அந்த வரியை வெட்டிவிடுவார்கள். உங்களோடு சேர்த்து மனைவி, பிள்ளைகளின் பெயரும் போய்விடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். யூடியூபில் தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்வது இந்தியச் சட்டம். அங்கே குழுக் காப்புறுதியிலிருந்து (கம்பனி எடுத்துத் தரும் இப்படிப்பட்ட காப்புறுதியிலிருந்து) தனிநபர் பத்திரத்துக்கு மாறுவதற்கு விதிமுறைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் 'கோப்ரா' அந்த நாட்டுச் சட்டம். வேலை போன பிறகும் பொதுவாக 18 மாதம் வரை தன் காசைக் கட்டிப் பழைய காப்புறுதியைத் தொடர அது வழிசெய்கிறது. இலங்கையில் கம்பனியையோ காப்புறுதி நிறுவனத்தையோ அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அதனால் இங்கே எல்லாவற்றையும் நாமேதான் ஒழுங்குபடுத்த வேண்டும். அதுவும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் வருகின்றன.

படி 1: மூன்று திகதிகளை எழுத்தில் வாங்குங்கள்

மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டியவை மூன்று. காப்புறுதி முடிவது கடைசி வேலை நாளிலா, அந்த மாத முடிவிலா? அதுவரை செய்த சிகிச்சைக்கான பில்களை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும்? குழுப் பத்திரத்தின் ஆண்டு எப்போது முடிகிறது? வாய்ப்பேச்சில் கேட்டால் "பிரச்சினை இல்லை, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். மின்னஞ்சலிலேயே கேளுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

"வணக்கம். எனக்கும் என் குடும்பத்தினருக்கும் உள்ள மருத்துவக் காப்புறுதி எந்தத் திகதி வரை செல்லும், அதுவரையான பில்களை எந்தத் திகதிக்குள் ஒப்படைக்க வேண்டும், குழுப் பத்திரத்தின் ஆண்டு எப்போது முடிகிறது, இந்த வருடத்தில் இன்னும் எவ்வளவு தொகை மீதமிருக்கிறது என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும்."

வேலையை விடப்போவதாக இதில் ஒரு வார்த்தையும் இல்லை. வேலை செய்யும் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

படி 2: மிச்சமிருப்பதைப் பயன்படுத்துங்கள்

கண்ணாடி, பல், வெளிநோயாளர் பில் இவற்றுக்கு ஆண்டுத்தொகை மிச்சமிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். "பிறகு செய்வோம்" என்று தள்ளிப்போட்ட ஹேர்னியா, கர்ப்பப்பைக் கட்டி, கண்புரை ஒப்பரேஷன் இருந்தால் அதை இந்தக் காலத்துக்குள் முடிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். புதுப் பத்திரம் எடுத்தால் அதில் கடைசியாகக் காப்புக் கிடைப்பது இப்படிப்பட்ட வருத்தங்களுக்குத்தான்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலாளி உங்கள் சம்பளத்தில் 3 வீதம் கட்டுகிறாரே, அதேதான். இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை பொருத்துதல், சிறுநீரக மாற்று போன்றவற்றுக்கு அந்த நிதியை நடத்தும் சபை உறுப்பினர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. கட்டுப்பணம் நடப்பில் இருக்கும்போது கேட்க வேண்டிய உதவி அது. நிதியைக் கையில் எடுத்த பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை.

படி 3: வீட்டுக்குள்ளேயே ஒரு காப்புறுதி இருக்கிறதா?

நம்ம பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ஆசிரியராகவோ, தாதியாகவோ, கச்சேரியிலோ இருப்பார்கள். உங்கள் கணவரோ மனைவியோ அரச ஊழியர் என்றால் அவருடைய சம்பளத்திலிருந்து அக்ரஹார காப்புறுதிக்கு மாதாமாதம் ஒரு தொகை வெட்டப்படும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அந்தத் திட்டத்தில் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. சாதாரணம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகள். சம்பளச் சீட்டில் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பார்த்தாலே நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். மேல் நிலைக்கு மாற வேண்டுமென்றால் வலயக் கல்வி அலுவலகத்திலோ அவருடைய திணைக்களத்தின் நிறுவனக் கிளையிலோ கேட்கலாம். இவ்வளவு நாளும் கம்பனிக் காப்புறுதி இருந்ததால் அக்ரஹாரவைத் திரும்பிப் பார்க்காத குடும்பங்கள் நிறைய. விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைவர் தனியார் கம்பனியில் இருந்தால் அங்கும் கேளுங்கள். வேலை மாற்றம், கல்யாணம், பிள்ளை பிறப்பு போன்ற வேளைகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் அறிவித்தால்தான் சேர்ப்பார்கள். தவறினால் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டி வரும். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சுரக்ஷா காப்புறுதிக்கும் உங்கள் வேலைக்கும் தொடர்பில்லை. அதைப் பற்றி வகுப்பாசிரியரிடம் விசாரித்து வையுங்கள்.

படி 4: அதே காப்புறுதி நிறுவனத்திடம் கேளுங்கள்

குழுப் பத்திரம் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போய், "உங்கள் குழுக் காப்புறுதியில் இத்தனை வருடம் இருந்தேன், தனிப் பத்திரம் எடுத்தால் காத்திருப்புக் காலத்தைக் குறைப்பீர்களா?" என்று கேளுங்கள். புதுப் பத்திரம் எடுத்த பிறகு கிளெய்ம் கேட்க முடியாத ஆரம்பக் காலம்தான் அது. அவர்கள் குறைத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கேட்காதவருக்கு யாரும் தானாகத் தரப்போவதில்லை. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை காப்புறுதி இருந்தது என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: சொந்தப் பத்திரம், அதுவும் வேலையில் இருக்கும்போதே

இந்தப் படியில்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். பல பத்திரங்களில் முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர வேறு எதற்கும் கிளெய்ம் கிடையாது. சில வருத்தங்களுக்குக் காத்திருப்புக் காலம் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீளும். வேலையை விட்ட பிறகு பத்திரம் எடுத்தால் அந்தக் காலம் முழுவதும் நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள். வேலையில் இருக்கும்போதே எடுத்தால் கம்பனிக் காப்புறுதி உங்களைத் தாங்கும் நேரத்திலேயே புதுப் பத்திரத்தின் முதல் 30 நாள் ஓடிக் கழிந்துவிடும், நீண்ட காத்திருப்பும் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு, மூன்று மாதம் இரட்டைச் செலவு வரும். அந்தச் செலவு தகும் என்பதுதான் என் எண்ணம்.

அடுத்தது முன்மொழிவுப் படிவம், அதாவது காப்புறுதிக்கான விண்ணப்பம். முகவர் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துக்கொண்டே படிவத்தை நிரப்புவார். "கடந்த காலத்தில் ஏதாவது நோய்க்குச் சிகிச்சை பெற்றுள்ளீர்களா?" என்ற கேள்வி வரும். உங்களுக்கு நாலு வருடமாகச் சீனி வருத்தம், மாதாமாதம் கிளினிக் போகிறீர்கள். "அதெல்லாம் எழுதத் தேவையில்லை அக்கா, எழுதினால் அப்ரூவல் இழுபடும்" என்பார். எழுதுங்கள். காப்புறுதி ஒப்பந்தமே நீங்கள் சொல்லும் உண்மையின் மேல்தான் நிற்கிறது. நாளைக்கு வாட்டில் படுத்திருக்கும்போது கிளினிக் கொப்பியைப் பார்த்து நிறுவனம் கிளெய்மை மறுத்தால், முகவர் சொன்னது எதற்கும் சாட்சி ஆகாது. கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், நிரப்பியதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பத்திரங்களை ஒப்பிடும்போது கட்டுப்பணம் எவ்வளவு என்று மட்டும் பார்க்க வேண்டாம். தனி மருத்துவப் பத்திரமா, ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி வரும் மேலதிக அனுகூலமா என்று கேளுங்கள். ஒட்டி வருவது என்றால், ஆயுள் காப்புறுதிக் கட்டுப்பணம் தவறிப் பத்திரம் காலாவதியானதும் மருத்துவக் காப்பும் சேர்ந்தே போய்விடும். சம்பளக் கணக்கிலிருந்து தானாக வெட்டும்படி ஒழுங்கு செய்திருப்பவர்கள் கவனியுங்கள்: சம்பளம் நின்றதும் அந்தக் கணக்கு வற்றிவிடும், கட்டுப்பணம் போகாது, பல நேரம் அது உங்களுக்குத் தெரியவும் வராது. வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

அரச வைத்தியசாலை நாள்கொடுப்பனவு உண்டா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். நம் ஆட்களுக்கு உடம்புக்கு ஏதும் வந்தால் பெரும்பாலும் போவது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு, அல்லது கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு, அல்லது அம்பாறைக்கு. அங்கே பில் வராது. பில்லை மட்டும் திருப்பித் தரும் பத்திரத்தில் உங்களுக்குக் கிடைப்பது பூச்சியம். நாளுக்கு 5,000 ரூபாய் என்று எழுதிய பத்திரம் என்றால் நாலு நாள் வாட்டில் இருந்தால் 20,000 ரூபாய் வரும். கூலி வேலையோ சொந்தத் தொழிலோ தொடங்கியிருப்பவருக்கு இது பெரிய உதவி. டிஸ்சார்ஜ் ஆகும்போது நோய் நிர்ணய அட்டையை மறக்காமல் வாங்க வேண்டும். அது இல்லாமல் கிளெய்ம் நகராது.

படி 6: காசு எங்கிருந்து?

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி. கடைசிச் சம்பளம் 60,000, சேவை எட்டு வருடம் என்றால் 2,40,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வருடக் கட்டுப்பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றச் செலவுகளைப் பாருங்கள்.

ஏற்கெனவே வேலையை விட்டவர்களுக்கு

பயப்பட வேண்டாம். படி 3, படி 5 இரண்டையும் இன்றைக்கே தொடங்குங்கள். இடைப்பட்ட நாளில் அவசரம் வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அரச வைத்தியசாலையும் இலவசம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பரேஷனுக்கு முன்பே போய் விசாரியுங்கள்.

கிளெய்மை மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கும் சரிவராவிட்டால், இப்படிப்பட்ட முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். நிறுவனங்களைக் கண்காணிக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். மறுப்புக் கடிதம், பத்திரத்தின் பிரதி, நோய் நிர்ணய அட்டை, நீங்கள் படம் எடுத்து வைத்த முன்மொழிவுப் படிவம் நாலையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.