கொலம்பஸ் படத்தை இரண்டு தடவை பாருங்கள்

ரிட்லி ஸ்காட் எடுத்த '1492: கான்குவஸ்ட் ஆஃப் பாரடைஸ்' படத்தைப் பார்க்கப் போகிறீர்களா? முதல் தடவை எதையும் சரிபார்க்காதீர்கள், விளக்கை அணைத்துவிட்டு வாஞ்ஜெலிஸின் இசையைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு அப்படியே மூழ்கிவிடுங்கள். கொலம்பஸ் முதல் பயணம் கிளம்பி 500 ஆண்டு ஆனதையொட்டி 1992-இல் வந்த படம், அந்தக் கொண்டாட்ட மனநிலை அதில் நிறையவே இருக்கிறது.

இரண்டாவது தடவைதான் வேலை. அட்லாண்டிக் வரைபடத்தையும் ஒரு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் பல்கலைக்கழக நகரமான சாலமன்காவின் அறிஞர்களோடு கொலம்பஸ் வாதாடும் இடத்தில் நிறுத்துங்கள். பூமி உருண்டை என்பது படித்தவர்களுக்கு அப்போதே தெரியும், சண்டையே மேற்கே கடல்வழியாகப் போனால் ஆசியா எவ்வளவு தூரம் என்பதைப் பற்றியது. ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் கேனரி தீவுகளிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர்தான் என்று கொலம்பஸ் கணக்குப் போட்டிருந்தார். உண்மையான தூரம் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! அதாவது எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி, நடுவில் ஒரு கண்டம் இருந்ததால் இவர் பிழைத்தார். வரைபடத்தில் விரலை வைத்து அளந்து பாருங்கள், அந்தத் துணிச்சல் எவ்வளவு ஆபத்தானது என்று அப்போதுதான் உறைக்கும்.

அப்புறம் தேதிகள். 1492 ஆகஸ்ட் 3 ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்தில் புறப்பாடு, செப்டம்பர் 6 கேனரியை விட்டுக் கிளம்பியது, அக்டோபர் 12 கரை. கரையை முதலில் கண்டு குரல் கொடுத்தவர் ரோட்ரிகோ டி ட்ரியானா என்ற மாலுமி, ஆனால் அதற்கான பரிசுத்தொகையைக் கொலம்பஸ் தனக்கே வாங்கிக்கொண்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு பனிமூட்டம் விலகும் காட்சியைப் பாருங்கள், காட்சியின் அழகு குறையாது, அந்த மனிதர் மட்டும் வேறு மாதிரித் தெரிவார்.

முடிந்தால் நடுவில் அவருடைய நாட்குறிப்பையும் புரட்டுங்கள். மூலப் பிரதி தொலைந்துவிட்டது, லாஸ் காஸாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் சுருக்கி எழுதி வைத்ததுதான் மிச்சம். கரையிறங்கி இரண்டே நாளில், ஐம்பது பேர் இருந்தால் இந்த மக்கள் எல்லோரையும் அடக்கிவிடலாம் என்று அதில் எழுதுகிறார். எனக்குப் படத்தைவிட இந்த ஒரு வரிதான் ரொம்ப நாள் மனதில் நின்றது.

கடைசியாக, அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்கள் படத்தில் எத்தனை இடத்தில் வாய் திறந்து பேசுகிறார்கள் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், உட்டபான் என்ற மொழிபெயர்ப்பாளன் விலகிப் போகும்போது கொலம்பஸிடம் சொல்வதை மட்டும் திரும்ப ஓட்டிக் கேளுங்கள்.